பழைய கேரவன் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு குத்தூசி வாங்குங்கள்

"கேரவன் வாங்கியிருக்கேம்மா" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்த நடிகருக்குடா?" தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நட்சத்திரங்கள் மேக்கப் போட்டுக்கொள்ளும் ஏசி வண்டி. நான் இருக்கும் இங்கிலாந்தில் அது வேறு. எஞ்சின் கிடையாது, ஸ்டீயரிங் கிடையாது, இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு குட்டி அறை, அவ்வளவுதான். காரின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

என்னுடையது 1971ஆம் வருஷத்து ஸ்ப்ரைட் ஆல்பைன். வாங்கும்போது எனக்கு ஒன்றும் தெரியாது. புதுப் பெயின்ட் பளபளத்தது, ஜன்னலில் அழகான பூப்போட்ட திரை, பார்த்ததும் பணத்தைக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து முன்பக்க மூலையில் எதேச்சையாக விரலை வைத்து அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. நடுவில் ஒரு மாதம் மெனக்கெட்டு உள்ளே வேறு பெயின்ட் அடித்திருந்தேன், அதையெல்லாம் உரித்துப் போட வேண்டியதாயிற்று. நீங்கள் அந்தத் தப்பைச் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பழைய கேரவனுக்கு எதிரி தண்ணீர். எந்த வேலையை எப்போது செய்வது என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது, திரைச்சீலையும் பெயின்ட்டும் வரிசையில் கடைசி.

ஏன் இப்படி உளுத்துப்போகிறது?

ஸ்ப்ரைட் கேரவன் கம்பெனியைத் தொடங்கியவர் சாம் ஆல்ப்பர். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, சாதாரணச் சம்பளக்காரர் வாங்குகிற விலையில், சின்னக் கார் இழுக்கிற எடையில் கேரவன் செய்தார். (ஒரு காலத்தில் இங்கிலாந்து நெடுஞ்சாலைகளில் பிரபலமாக இருந்த லிட்டில் செஃப் உணவகத்தை 1958இல் ஆரம்பித்தவரும் இவரே. முதல் கடையில் 11 இருக்கைதான்.) விலையும் எடையும் குறைய வேண்டுமானால் சாமான் மெல்லிசாகத்தான் இருக்கும். குச்சி குச்சியான மரச்சட்டம், வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே ஹார்டுபோர்டு அல்லது மெல்லிய பிளைவுட். தகடு சேரும் இடங்களில் மாஸ்டிக் என்கிற பசை. அந்தப் பசை இருபது, முப்பது வருஷத்தில் காய்ந்து வெடித்துவிடும். அப்புறம் ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையும் ஒரு குழாய்தான். தண்ணீர் தகட்டுக்குப் பின்னால் இறங்கி, மரத்தில் ஊறி, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே ஹார்டுபோர்டு நமுத்த அப்பளம் மாதிரி ஆகியிருக்கும்.

பார்க்கப் போகும்போது

மழை பெய்த மறுநாள் போங்கள். கையில் டார்ச், ஒரு குத்தூசி, முடிந்தால் ஈரமானி. கதவைத் திறந்ததும் முதலில் மூக்கை நம்புங்கள், பூட்டிக் கிடந்த பரண் வாடை வந்தால் எங்கோ ஈரம் இருக்கிறது. அறை மணக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்திருந்தாலும் அதே அர்த்தம்தான். பிறகு முன் ஜன்னலுக்குக் கீழ் மூலைகள், நாலு மேல் மூலைகள், கதவு நிலை, சக்கரத்தின் மேல் வளைவு, படுக்கைக்குக் கீழே உள்ள பெட்டிகளின் உட்புறம் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஈரமானியில் 15 சதவீதம் வரை வந்தால் கவலை இல்லை. 20 தாண்டினால் ஒழுகுகிறது. 30க்கு மேல் என்றால் மரம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, பெட்டிக்குள் கண்ணில் படாத இடத்தில் குத்தூசியால் மெல்லக் குத்துங்கள். நல்ல மரம் எதிர்க்கும், உளுத்தது கேக் மாதிரி வாங்கிக்கொள்ளும்.

கீழே படுத்து சேசிஸையும், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டத்தையும், பாருங்கள். மேல் துரு பரவாயில்லை, சுத்தியலால் தட்டும்போது கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டாலோ செதில் செதிலாக உதிர்ந்தாலோ, முக்கியமாக ஆக்சில் சேரும் இடத்திலும் காரோடு இணைக்கும் முன்கம்பியிலும் அப்படி இருந்தால், வந்த வழியே திரும்பி விடலாம்.

இன்னொரு விஷயம், இது புதியவர்கள் தலைகீழாக யோசிக்கும் இடம். மரம் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அந்த மாடலின் ஜன்னல், பின்விளக்கு, கதவுப் பூட்டு, அலமாரிப் பிடி இதெல்லாம் கிடைக்காது, வருஷக்கணக்கில் தேட வேண்டி வரும். அழுக்காக, அசிங்கமாக, ஆனால் எல்லாச் சாமானும் முழுசாக இருக்கும் வண்டி ஒன்றும், அரைகுறையாக அழகுபடுத்திய வண்டி ஒன்றும் ஒரே விலைக்கு வந்தால் அழுக்கு வண்டியை வாங்குங்கள். புதுப் பெயின்ட் அடித்தது என்றால் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம்தான் வருகிறது.

கேரவனுக்கு இங்கே கார் மாதிரி ஆர்சி புத்தகம் கிடையாது. கிரிஸ் என்ற பதிவு முறை 1992இல்தான் வந்தது, நம் வண்டியெல்லாம் அதற்கு முந்தையது. அதனால் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, விற்பவரிடம் கையெழுத்துப் போட்ட ரசீது கட்டாயம் வாங்குங்கள். வருடாந்திரச் சோதனையும் கிடையாது, அதாவது பிரேக் பிடிக்கிறதா இல்லையா என்று உங்களைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. லைசென்ஸ் விஷயம் இப்போது சுலபம். 1997க்குப் பிறகு இங்கே கார் தேர்வு பாஸ் செய்தவர்களும் 2021 டிசம்பர் முதல் 3,500 கிலோ வரை இழுக்கலாம். வாங்கும் முன் வீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை பாருங்கள், வாசலில் கேரவன் நிறுத்தக் கூடாது என்று சில குடியிருப்புகளில் நிபந்தனை இருக்கும்.

பிரிப்பது

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கை பரபரக்கும். பொறுங்கள். முதலில் அடுப்புக்குப் பின்னாலும் ஹீட்டரைச் சுற்றியும் சாம்பல் நிறப் பலகை இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்தில் அங்கே ஆஸ்பெஸ்டாஸ் வைப்பார்கள். இருந்தால் உடைக்காதீர்கள், துளை போடாதீர்கள், தேய்க்காதீர்கள், சோதனைக்கு அனுப்பி அது என்ன என்று தெரிந்த பிறகு மேலே போங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதனால் சுரண்டுவதாக இருந்தால் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், முகமூடியும் வேண்டும்.

அப்புறம் போட்டோ. ஒவ்வொரு மூலையையும் எடுங்கள், போதும் என்று தோன்றிய பிறகு இன்னும் இருபது எடுங்கள். கழற்றும் ஸ்க்ரூக்களை ஒரே டப்பாவில் போடாமல் தனித்தனி கவரில் இடம் எழுதிப் போடுங்கள். நான் மசாலா டப்பா ஒன்றைப் பயன்படுத்தினேன், ஏழு கிண்ணமும் அரை நாளில் நிறைந்துவிட்டது.

ஓரப்பட்டைகளில்தான் ஸ்க்ரூக்கள் அதிகம் துருப்பிடித்திருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள், அவசரப்பட்டுத் தலையை வழுக்கிவிட்டால் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பட்டை கழன்றதும் தகட்டை மெல்ல நெம்பலாம். கையுறை போடுங்கள், அந்த விளிம்பு பிளேடுதான். இரண்டு பேர் இல்லாமல் பெரிய தகட்டைத் தொடாதீர்கள், ஒரு முறை மடங்கிவிட்டால் அந்தக் கோடு கடைசி வரை போகாது. எல்லாத் தகட்டையும் ஒரே நாளில் கழற்றவும் கூடாது, வண்டியின் வடிவத்தையே அந்தத் தகடுகள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு பக்கம் திறந்து, மரத்தைச் சரிசெய்து, மூடிவிட்டு அடுத்த பக்கம் போங்கள். உளுத்த சட்டத்தைக் கடைசியில் குப்பையில் போடலாம், அதுவரை தூக்கி எறியாதீர்கள். புதிய கட்டைக்கு அளவு அதில்தான் இருக்கிறது.

மரவேலை, இதுதான் பாதி வாழ்க்கை

முதலில் காயவிடுங்கள். ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வாரக்கணக்கில் ஓடவிட வேண்டும். எங்கள் வண்டியில் முதல் சில நாட்கள் தினமும் ஒரு குடம் தண்ணீர் கொட்டினேன், எங்கே இருந்து வந்தது என்றே தெரியவில்லை.

உளுத்த இடத்தோடு வெட்டி நிறுத்தாமல், நல்ல மரம் வந்த பிறகும் ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். புதுக் கட்டையைச் சாய்வாகச் சீவிப் பழையதோடு ஒட்ட வேண்டும், நேராக முட்டி ஒட்டினால் சாலையின் குலுங்கலில் விட்டுவிடும். நீர்புகாத மரப்பசை, கூடவே ஸ்க்ரூ. வெட்டிய முனைகளில் எல்லாம் மரக்காப்பு திரவம் தடவுங்கள். பழைய அளவிலேயே கட்டை போடுங்கள், "கொஞ்சம் பலமா இருக்கட்டும்" என்று ஒரு சுற்றுப் பெரிதாகப் போடும் நம் ஊர்ப் புத்தி இங்கே உதவாது. என்னுடையது மாதிரி சின்ன வண்டிகளில் காலி எடைக்கும் அதிகபட்ச எடைக்கும் நடுவே ஒரு 100, 150 கிலோதான் இருக்கும். தேக்கு அலமாரி, கனத்த மெத்தை, டைல்ஸ் என்று சேர்த்தால் அப்புறம் துணிமணி எடுத்துப்போக இடம் இருந்தாலும் எடை இருக்காது.

சட்டங்களுக்கு நடுவில் தெர்மோகோல் வைப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: பிவிசி ஒயரின் மேல் அது நேரடியாகப் படக் கூடாது. ஒயர் உறையில் உள்ள மென்மையாக்கியை அது இழுத்துக்கொள்ளும், சில வருஷத்தில் உறை காய்ந்து நொறுங்கும். ஒயரைக் குழாய்க்குள் விட்டு அனுப்புங்கள்.

மூடும்போது சிலிக்கான் பசை வேண்டவே வேண்டாம். எல்லோரும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள், கடையில் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும். ஆனால் கேரவன் ஓடும்போது தகடு அசையும், சிலிக்கான் ஒரு ஓரத்தில் விட்டுக்கொண்டு அந்த இடுக்கில் தண்ணீரைத் தேக்கி வைக்கும், அதன் மேல் பெயின்ட்டும் ஒட்டாது, பிறகு வேறு எந்தப் பசையும் ஒட்டாது. இறுகிப்போகாத பியூட்டைல் மாஸ்டிக் பட்டைதான் சரி. பட்டையை ஒட்டி, ஓரப்பட்டையை வைத்து, ஸ்க்ரூக்களை ஒரே மூச்சில் முறுக்காமல் பாதி முறுக்கிவிட்டு ஒரு வாரம் விடுங்கள். மாஸ்டிக் மெல்லப் பிதுங்கி வரும், அப்போது இன்னொரு சுற்று முறுக்கிப் பிதுங்கியதை மரக்கத்தியால் சீவிவிடலாம். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டால் ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும், ஸ்க்ரூவை மாஸ்டிக்கில் தோய்த்துப் போடுவது நல்ல பழக்கம்.

முடிந்ததும் தோட்டக் குழாயை எடுங்கள். கீழிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இணைப்பிலும் பத்து நிமிடம் தண்ணீர் விட்டுக்கொண்டே மேலே போங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்திருக்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, ஒழுகுவது எது என்றே தெரியாது. இந்தச் சோதனையில் எனக்கு மூன்று முறை தோல்வி, மூன்றாவது முறை உள்ளே உட்கார்ந்திருந்த மனைவி குடையோடு வெளியே வந்தாள்.

அலுமினியத்தின் மேல் பெயின்ட் நிற்க எட்ச் பிரைமர் என்ற அடிப்பூச்சு வேண்டும், அது இல்லாமல் அடித்தால் அடுத்த கோடையில் உரியும். பிறகு ரோலரால் எனாமல் போட்டு உடனே பிரஷ் நுனியால் நீவிவிட்டால் ஸ்ப்ரே அடித்தது போலவே வரும்.

சக்கரமும் பிரேக்கும்

டயர் தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். கேரவன் டயர் ஓடித் தேய்வதில்லை, நின்று கெடுகிறது. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2314 என்றால் 2014ஆம் வருஷத்து 23ஆவது வாரம். ஏழு வருஷம் தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். பழைய கிராஸ்பிளை வகை டயரையும் புது ரேடியல் வகை டயரையும் ஒரே ஆக்சிலில் போடுவது சட்டப்படியே தப்பு.

கார் வேகம் குறைக்கும்போது கேரவன் முன்னால் முட்டுமில்லையா, அந்த முட்டலில்தான் பிரேக் வேலை செய்கிறது. இதனால் ஒரு வேடிக்கை உண்டு: ரிவர்ஸ் எடுக்கும்போதும் முட்டும், பிரேக்கும் பிடிக்கும். புதிய வண்டிகளில் அதுவே விட்டுக்கொடுக்கும், பழையதில் காரோடு மாட்டும் கொக்கிப் பக்கம் இருக்கும் சின்ன நெம்புகோலை இறங்கிப் போய்க் கையால் போட வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு பண்ணை வாசலில் பத்து நிமிடம் கிளட்ச் எரிய மல்லுக்கட்டியிருக்கிறேன். டிரம்மைத் திறந்து லைனிங், ஸ்பிரிங், பேரிங் எல்லாம் பார்க்க வேண்டும். உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் நடமாடும் கேரவன் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்து அவர் பக்கத்தில் நின்று பாருங்கள். சக்கர நட்டுகளை முதல் 30 மைலில் நிறுத்தி மறுபடி முறுக்குங்கள்.

கேஸ், கரன்ட்

கேஸ் வேலையை நீங்களே செய்யாதீர்கள், எல்பிஜிக்குத் தகுதி பெற்று, கேஸ் சேஃப் என்ற கேஸ் மெக்கானிக்குகளின் பதிவேட்டில் இருப்பவரிடம் விடுங்கள். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, பியூட்டேன் சிலிண்டர் குளிர் பூஜ்யத்தை நெருங்கினாலே படுத்துவிடும், அது ஆவியாகும் வெப்பநிலையே கிட்டத்தட்ட அதுதான். புரொபேன் மைனஸ் 42 வரை தாங்கும். இரண்டு, தரையில் ஓட்டைகள் இருக்கும், குளிர் வருகிறது என்று அடைத்துவிடாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் அது இறங்கிப் போக வேண்டிய வழி அது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள், கரி அடுப்பை எந்தக் குளிரிலும் உள்ளே கொண்டுவராதீர்கள், அணைந்த மாதிரி தெரிந்தாலும் சரி.

விளக்குகளுக்கு ஏழு முள் பிளக். மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக் விளக்கு, பழுப்பும் கறுப்பும் பின்விளக்குகள், வெள்ளை எர்த். விளக்குகள் பைத்தியம் பிடித்தது போல மாறி மாறி எரிந்தால் பெரும்பாலும் அந்த வெள்ளை ஒயர்தான் துருப்பிடித்திருக்கும். இன்றைய கார்களில் 13 முள் இருந்தால் ஒரு அடாப்டர் போதும். கேரவன் நிறுத்தும் முகாம்களில் தரும் 230 வோல்ட் கரன்ட்டை உள்ளே கொண்டுவர எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பழைய மெத்தை ஃபோமை எறிந்துவிடுங்கள், 1988 தீத்தடுப்பு விதிகளுக்கு முந்தைய ஃபோம் குப்பென்று பற்றும். திரை, குஷன் உறை எல்லாம் உங்கள் இஷ்டம், இப்போது ஆசை தீரச் செய்யலாம்.

கிளம்பும்போது

கனமான சாமான் ஆக்சிலின் மேல், தரையோடு. மேல் அலமாரியில் துணி, பிஸ்கட் மட்டும். எங்கள் அரிசி மூட்டையும் கிரைண்டரும் முதல் பயணத்தில் பின் மூலையில் போயின, 45 மைல் வேகத்திலேயே வண்டி வாலாட்டத் தொடங்கியது. கொக்கியின் மேல் இறங்கும் எடை, வண்டியின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். சாமானோடு எங்களுடையது 740 கிலோ, ஆகவே 37 முதல் 52 கிலோ. குளியலறை எடைமெஷினில் ஒரு கட்டையை நிறுத்தி அதன் மேல் கொக்கியை இறக்கினால் கணக்கு தெரிந்துவிடும். காரின் எடையில் 85 சதவீதத்துக்கு மேல் கேரவன் இருக்கக் கூடாது என்பது புதியவர்களுக்கான பொது யோசனை.

வண்டி வாலாட்டினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டி நேராக்கவும் பார்க்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருங்கள், தானே அடங்கும். வேக வரம்பு நடுத்தடுப்பு இல்லாத சாலையில் மணிக்கு 50 மைல், மோட்டார்வேயில் 60. மூன்று லேன் உள்ள மோட்டார்வேயில் வலக்கோடி லேன் நமக்குக் கிடையாது. கேரவன் காரைவிட அகலமாக இருந்தால் கூடுதல் கண்ணாடி மாட்ட வேண்டும், கேரவனின் பின்னால் காரின் நம்பர் பிளேட் வேண்டும், கேரவன் காரிலிருந்து கழன்றுவிட்டால் பிரேக் போடும் கம்பி வடத்தையும் கோத்துக்கொள்ளுங்கள்.

ரிவர்ஸ் பழக ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானம் ஒன்றைப் பிடியுங்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வைத்து, கேரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். கோணல் அதிகமாகிவிட்டால் சண்டை போடாமல் முன்னால் போய் மறுபடி வாருங்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

முதல் பயணம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். பெரிய முகாம்களைவிட, கேரவன் கிளப்புகள் அங்கீகரித்த, ஐந்து கேரவன் மட்டும் நிற்கும் பண்ணை இடங்கள் புதியவர்களுக்கு நல்லது, தடுமாறினாலும் நாலு பேர்தான் பார்ப்பார்கள். பாதையை மொபைல் மேப்பை நம்பி விடாதீர்கள். யார்க்‌ஷரில் ஏ170 சாலையில் சட்டன் பேங்க் ஏற்றம் நாலுக்கு ஒன்று, கேரவனுக்கு அனுமதியே கிடையாது, மேப் அமைதியாக அதன் வழியாகவே அனுப்பும். சாமர்செட்டில் போர்லாக் ஏற்றமும் அதே செங்குத்து, பக்கத்தில் கட்டணச் சாலை ஒன்று சுற்றிப் போகும். ஸ்காட்லாந்தின் பியலாக் நா பா கணவாயில் கேரவன் வேண்டாம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள்.

சமையல் பற்றி ஒரு வார்த்தை. சோறு வடிக்கும் ஆவி முழுக்கக் குளிர்ந்த அலுமினியத்தில் போய் ஒட்டி, இரவு தலையில் சொட்டும். நாம் அடைத்த ஒழுகலை நாமே உள்ளிருந்து செய்வது போலத்தான். அதனால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துச் சமையுங்கள், மீன் வறுவல் வெளியேதான், குஷனில் ஏறிய மீன் வாடை அடுத்த வருஷம் வரை கூடவே வரும்.

அக்டோபரில் தண்ணீர்க் குழாயை எல்லாம் வடித்து, மெத்தைகளை வீட்டுக்குள் கொண்டுபோய், காற்றுத் துளைகளைத் திறந்தே விடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை இறக்கி வையுங்கள், ஏற்றியே விட்டால் குளிர்காலம் முடியும்போது லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்க்கும். காற்று போகும் உறைதான் வேண்டும். மார்ச்சில் உறையை எடுத்ததும் முதல் வேலை, குத்தூசியோடு உள்ளே ஒரு சுற்று.